ஆளைக் கொண்டுவா!

நான் பெரிய படிப்பாளி அல்ல. ஏ.எல். எடுத்ததோடு படிப்பு நின்றது. இப்போது லண்டனில் பிஸ்கற் செய்கிற தொழிற்சாலையில் இரவு வேலை. ஆனால் ஒரு சொல் பல வருடமாக மனதில் கிடந்து உறுத்துகிறது. அதன் கதையைத் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2007ஆம் ஆண்டு ஊரில் அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா அண்ணாவின் படத்தோடு முகாம் முகாமாக அலைந்தா. "இங்க அப்பிடி ஒருத்தரும் இல்லை" என்பதுதான் எல்லா வாசலிலும் பதில். கடைசியில் ஒரு சட்டத்தரணி, "ஆட்கொணர்வு மனுப் போடுவம்" என்றார். அந்தச் சொல்லை நான் முதன்முதல் கேட்டது அன்றுதான்.

ஆங்கிலேயர் அதை ஹேபியஸ் கோர்ப்பஸ் என்பார்கள். லத்தீன் சொல். "பிடித்த ஆளை நீதிபதிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்து, ஏன் பிடித்தாய் என்று சொல்லு" என்பதுதான் அதன் சாரம்.

இதன் கதையை 1215ஆம் ஆண்டு ஜூன் 15இல் இருந்து தொடங்கலாம். தேம்ஸ் ஆற்றங்கரையில் ரன்னிமீட் என்றொரு புல்வெளி. ஜோன் மன்னனின் வரியையும் அடாவடியையும் பொறுக்க முடியாமல் கிளம்பிய பிரபுக்கள், அங்கே அவனை மாக்னா கார்ட்டா என்ற சாசனத்துக்கு இணங்க வைத்தார்கள். அதன் 39ஆம் பிரிவு, சுதந்திர மனிதன் எவனையும் அவனுக்குச் சமமானவர்களின் தீர்ப்போ நாட்டுச் சட்டமோ இல்லாமல் பிடிக்கவோ அடைக்கவோ கூடாது என்றது. பிரபுக்கள் இதை ஏழைகளுக்காகக் கேட்கவில்லை. பண்ணையடிமைகளாகக் கிடந்த சனம் 'சுதந்திர மனிதன்' என்ற கணக்கிலேயே இல்லை. இரண்டு மாதம் கழிய, அது செல்லாது என்று பாப்பரசரும் அறிவித்துவிட்டார். ஆனாலும் ஜோன் செத்த பிறகு சாசனம் திரும்பவும் திரும்பவும் வெளிவந்தது. 1297இல் சட்டமாகப் பதிவானது.

ஆட்கொணர்வுக் கட்டளை நீதிமன்றங்களில் தனியாக வளர்ந்த ஒன்று. முதலில் அது ஆளை வரவழைக்கிற ஒரு கடிதம் மட்டும்தான். பின்னால் வந்த சட்டத்தரணிகளே அதைச் சாசனத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டார்கள்.

முடிச்சு உடனே இறுகவில்லை. முதலாம் சாள்ஸ் மன்னன் கேட்ட கட்டாயக் கடனைக் கொடுக்க மறுத்து மறியலுக்குப் போன ஐந்து பிரமுகர்கள் 1627இல் இந்த மனுவைப் போட்டார்கள். சிறை அதிகாரி சொன்ன காரணம், "மன்னரின் விசேட கட்டளை". அவ்வளவுதான். நீதிபதிகளும் அவர்களைப் பிணையில் விடவில்லை. பாராளுமன்றம் கொதித்தது. காரணம் காட்டாமல் அடைக்கக்கூடாது என்று 1628இல் 'உரிமை மனு' வந்தது.

அதற்குப் பிறகும் அதிகாரத்தில் இருந்தவர்கள் ஓட்டை கண்டுபிடித்தார்கள். கைதியை மறியலுக்கு மறியல் மாற்றினார்கள், கடல் கடந்து அனுப்பினார்கள். அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் 1679ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 20 மைலுக்குள் என்றால் மூன்று நாளில் ஆளைக் கொண்டுவர வேண்டும். சிறை அதிகாரி தவறினால் 100 பவுண் தண்டம். விடுமுறைக் காலத்தில் கட்டளை கொடுக்க மறுக்கிற நீதிபதிக்கு 500 பவுண். வாக்கு எண்ணும்போது ஒரு தடித்த பிரபுவைப் பகிடிக்குப் பத்துப் பேராக எண்ணியதால்தான் அந்தச் சட்டம் தப்பியது என்று பேர்னெட் என்ற ஆயர் எழுதி வைத்திருக்கிறார்!

1772இல், ஜமேய்க்காவுக்குக் கப்பலேற்ற விலங்கு போட்டு வைத்திருந்த சோமசெற் என்ற ஆபிரிக்க அடிமையை இதே கட்டளைதான் விடுவித்தது. அவர் இந்த நாட்டவர் அல்ல. இதை நாங்கள் கவனிக்க வேண்டும்.

ஆங்கிலேயரோடு இந்தக் கட்டளை இலங்கைக்கும் வந்தது. 1936இல் தேயிலைத் தோட்டத்தில் வேலை பழக வந்த பிறேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்காரர், மலையகத் தமிழ்த் தொழிலாளரின் பக்கம் நின்றதால் வேலையை இழந்தார். சமசமாஜக் கட்சி மேடையிலும் ஏறினார். 1937இல் ஆளுநர் அவரை நாடுகடத்தச் சொன்னார். பிடிபட்டதும் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். அந்த அதிகாரம் அவசரகாலத்துக்கு உரியது, ஆளுநர் நினைத்தபடி பாவிக்க முடியாது என்று பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம் அவரை விடுவித்தது.

சுதந்திர இலங்கையிலும் 1978 அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரை இந்த மனுவுக்கு இடம் வைத்திருக்கிறது. ஆனால் அடுத்த வருடமே பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அமைச்சரின் கட்டளையில் 18 மாதம் வரை அடைக்கலாம், அந்தக் கட்டளையை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்றது அது. 1627இன் 'விசேட கட்டளை' திரும்பி வந்த மாதிரி. அதை 12 மாதமாகக் குறைத்து, நீதிமன்றம் போக வழி விட்டது 2022இல்தான்.

அம்மாவின் மனுவுக்கு என்ன நடந்தது? "நாங்கள் பிடிக்கவே இல்லை" என்றார்கள். வழக்குத் தவணை தவணையாகப் போனது. அண்ணா வரவில்லை. காரணம் சொல்ல மாட்டேன் என்றவனுக்கு 1628இல் பதில் வந்தது. ஆளே இல்லை என்கிறவனுக்கு? ஆளைக் காணாமல் ஆக்குவது குற்றம் என்று 2018இல் இலங்கையில் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வந்தால் போதாது, கேட்கிற சனம் ஓயக்கூடாது. அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா.

இங்கே குடிவரவுத் தடுப்பில் இருக்கிற எங்கட பெடியனுக்கும் இந்த மனுப் போட உரிமை இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கோ.