கொடைக்கானலின் சூரியச் சித்திரங்கள்

பழனி மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திற்கு 2,343 மீட்டர் உயரத்தில், ஊரார் இன்றும் அப்சர்வேட்டரி என்றே வழங்கும் மேட்டில் நிற்கிற சூரிய ஆராய்ச்சி நிலையத்தில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, மேகம் வழிவிட்ட நாள்தோறும் சூரியனைப் படம் பிடித்தும், அதன் முகத்தில் தோன்றும் குறிகளைக் கட்டமிட்ட தாளில் வர்ணங்களால் எழுதியும் வந்திருக்கிறார்கள். அந்தத் தாள்களை இப்போது கணினி படிக்கத் தொடங்கியிருக்கிறது. இணையத்தில் ஏற்றிய ஒரு சேகரத்தோடு இயந்திரக் கற்றலை இணைப்பது என்று பலரும் பேசுகிற காரியம் நம் நாட்டில் எங்கே பொருளோடு நடக்கிறது என்று கேட்டால், நான் இந்த மலையைத்தான் காட்டுவேன். ஆயினும் கற்கிற இயந்திரத்தை மட்டும் புகழ்ந்து, அதற்குப் பாடம் எழுதி வைத்தவர்களை மறப்பது நியாயமாகாது.

இந்நிலையத்தின் பூர்வ சரித்திரம் சென்னையில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் ஏற்படுத்திய வானாராய்ச்சிக் கூடம் நட்சத்திரங்களின் நிலையைக் கணித்துக்கொண்டிருந்த காலத்தில், 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம், மழை பொய்ப்பதற்கும் சூரியனின் களங்கங்கள் ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதற்கும் சம்பந்தம் உண்டோ என்ற விசாரத்தை அறிஞரிடையே கிளப்பிற்று. அந்த அறிஞருள் ஒருவரான வில்லியம் ஹண்டர் 1877-இல் அதைப் பற்றியே எழுதி வெளியிட்டார். அவர்கள் எண்ணியபடி அந்தச் சம்பந்தம் எளிதில் நிரூபணமாகவில்லை. எனினும் பசியால் மடிந்த லட்சோபலட்சம் ஜனங்களின் நினைவும் இந்த ஆராய்ச்சியின் பிறப்பில் கலந்திருக்கிறது என்பதை மறக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகம் போதித்தவரான சார்லஸ் மிச்சி ஸ்மித், சூரியனைப் பார்ப்பதற்குத் தகுந்த தெளிந்த ஆகாயம் கொடைக்கானலில் வாய்க்கும் என்று கண்டு சொல்ல, 1895-இல் கவர்னர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899-இல் நிலையம் உருப்பெற்று, 1901-இல் சூரிய அவதானம் ஆரம்பமாயிற்று. மோட்டார் ஏறும் மலைப்பாதை முதல் உலக யுத்த காலத்தில்தான் பூர்த்தியானது என்பதால், அதற்கு முன் மேலே சென்ற கருவிகளுக்கெல்லாம் ஆட்களின் உழைப்பே முக்கிய ஆதாரம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

1904 முதல் வெள்ளொளிப் படங்களும், அதன்பின் கால்சியம் வாயு உமிழும் ஊதா நிற ஒளியில் மட்டும் எடுத்த படங்களும், 1912 முதல் ஹைட்ரஜனின் சிவந்த ஒளியில் எடுத்த படங்களும் சேர்ந்தன. 1907-இல் இங்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரி 5-ஆம் தேதி, களங்கத்தின் ஓரத்திலே வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும், அவருடைய மனைவியார் மேரி எவர்ஷெட் தாமும் சூரியச் சுவாலைகளை ஆராய்ந்ததும் உலகம் அறிந்த விஷயங்கள். கீர்த்தி பெற்ற கண்டுபிடிப்புகளைக் காட்டிலும் என் உள்ளத்தைக் கவர்வது நாள்வழி வேலைதான். அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோடிட்ட தாளில், களங்கம், ஒளித்திட்டு, கரிய இழை, விளிம்பில் எழும் சுவாலை ஆகிய நான்கையும் வெவ்வேறு வர்ணத்தில் அன்றன்று குறித்து வந்த அந்தச் சித்திரங்கள், கிராமத்துக் கர்ணம் வயல்தோறும் அடங்கல் எழுதியதைப் போல, இன்ன பயனுக்கென்று அப்போது தெரியாமலே, ஒரே முறையில், பல கைகள் மாறியும் தொடர்ந்து எழுதப்பட்டன. எழுதியவர்களில் பெரும்பாலோரின் பெயரை உலகம் அறியாது.

இன்று நிலையத்தை நடத்துகிற இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார், பழைய கண்ணாடித் தகடுகளையும் பிலிம்களையும் பக்கத்துக்கு 4,096 புள்ளிகள் கொண்ட எண்ணியல் படங்களாக மாற்றி இணையதளத்தில் வைத்தார்கள். சித்திரத் தாள்களையும் ஸ்கேன் செய்தார்கள். படங்களை அடுக்கி வைத்தால் மட்டும் போதுமா? தேதியைக் கொடுத்தால் படம் வரும். ஆனால் சூரியனில் வட அட்சரேகை நாற்பதாம் பாகைக்கு அப்பால் தோன்றிய இழைகளையெல்லாம் கொடு என்று கேட்பவருக்கு, ஒவ்வொரு படத்தையும் யாரேனும் படித்து அட்டவணை இட்டிருந்தாலன்றி விடை கிடைக்காது. அந்தப் படிப்பைத்தான் ஆராய்ச்சியாளர் இயந்திரத்திடம் ஒப்படைத்தனர். 2023-இல் வெளியான ஆய்வொன்றில், களங்கங்கள் கூடிக் குறையும் சூரியச் சுழற்சிகளில் 19, 20-ஆம் சுழற்சிகளுக்குரிய, அதாவது 1954 முதல் 1976 வரையிலான சித்திரங்களைக் கே-மீன்ஸ் என்னும் முறையால் படித்தார்கள். தாளின் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் சில எண்களாக மாறுகிறது. எண்ணால் நெருங்கிய புள்ளிகளை ஒரு கூட்டமாகச் சேர்த்து, கூட்டத்தின் நடுவைக் கணக்கிட்டு, மறுபடி சேர்த்து, நடு அசையாத மட்டும் இதையே திரும்பச் செய்தால், இழையின் வர்ணம் தனியே பிரிந்து நிற்கிறது. பிரிந்த இழையின் இடமும் நீளமும் பரப்பும் சாய்வும் அட்டவணையாகின்றன. பெற்ற விடைகளைப் புகைப்படத் தகடுகளின் அளவுகளோடு ஒப்பிட்டபோது இரண்டும் நன்கு ஒத்திருந்தன.

அந்த ஒப்புமையையே இக்காரியத்தின் உயிர்நிலையாக நான் கருதுகிறேன். இயந்திரம் சொன்னதைச் சரிபார்க்க மனிதர் எடுத்த வேறொரு சாட்சியம் அங்கே இருந்தது. எண்ணியல் படங்களிலும் தவறுகள் இருந்தன: சிலவற்றில் நேரக்குறிப்பு பிழைபட்டிருந்தது, சிலவற்றில் வடக்கு எது என்பதே மாறியிருந்தது, இவற்றைக் கண்டு திருத்தியவர்களும் ஆராய்ச்சியாளரே. திருத்தாத படத்தைக் கொடுத்தால், இயந்திரம் சிறிதும் தயங்காமல் தவறான இடத்தில் இழையைக் குறித்திருக்கும். அந்தத் தவறு அட்டவணைக்குள் புகுந்தபின் அதைத் தேடிப் பிடிப்பது எளிதன்று.

கல்வெட்டுப் படிகளையும் ஓலைச் சுவடிகளையும் பழைய பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றி, அவற்றைப் படிக்க இயந்திரக் கற்றலைத் துணைகொள்ள முனைந்திருக்கிற தமிழ்நாட்டு நிறுவனங்களிடம் இதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இயந்திரம் படித்ததை இயந்திரம் படித்தது என்றே குறியுங்கள். அதன் பக்கத்திலேயே மூலத்தின் படத்தை வையுங்கள். பிழை கண்ட வாசகர் எழுதித் தெரிவிக்க இடமும், அதைத் திருத்த ஓர் ஆளும் வையுங்கள்.