கொத்தவால் சாவடி: இடப்பெயர்வும் சந்தைக் கண்காணிப்பும்

சென்னைக் கொத்தவால் சாவடியின் மொத்தக் காய்கறி வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டதை, ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் நிலவிய நெரிசலுக்கான தீர்வாகவே பெரும்பாலும் விளக்குவர். இவ்விளக்கம் பொய்யன்று, ஆயினும் போதாது. முகலாய நகரங்களில் கொத்தவால் என்னும் அலுவலர், காவற்பணியோடு சந்தையின் எடை, அளவு, விலை ஆகியவற்றையும் கண்காணித்தார். அப்பதவிப்பெயரைத் தாங்கிய சாவடியிலோ கடை எது, தெரு எது என்னும் வரம்பே மங்கிவிட்டிருந்தது. பெருநகர வளர்ச்சிக் குழுமம் கோயம்பேட்டில் எழுப்பிய வளாகம் அவ்வரம்பை மீட்டது. எனவே இவ்விடப்பெயர்வைப் போக்குவரத்துச் சீரமைப்பு என்பதைவிடக் கண்காணிப்பின் மீள்வரவு எனக் கொள்வதே பொருந்தும்.

அம்மீள்வரவு முழுமை பெறவில்லை. பூ வணிகர் பலர் பாரிமுனையின் பத்ரியன் தெருவை விட்டு அகலவில்லை. ஒரே நாளில் வாடும் சரக்குக்கு, வாங்குவோரின் அண்மை இடவசதியினும் பெரிது போலும்.

எல்லை வகுக்கப்பட்ட வளாகத்தின் மறுபக்கம் 2020இல் வெளிப்பட்டது. கொரோனாத் தொற்று பரவியதும் மே 5 அன்று கோயம்பேடு ஓர் ஆணையால் மூடப்பட்டது. காய்கறி திருமழிசைக்கும், பழமும் பூவும் மாதவரத்துக்கும் சென்றன. மொத்தக் காய்கறிக் கடைகள் செப்டம்பர் 28 அன்றுதான் கோயம்பேட்டில் மீண்டும் திறந்தன.