வெற்றிடக் குழாய் ஹெட்போன் மிகைப்பி

வெற்றிடக் குழாய் ஹெட்போன் மிகைப்பி என்பது, வலுக்குறைந்த ஒலிக் குறிகையை ஹெட்போனை இயக்கும் அளவுக்கு வெற்றிடக் குழாய்களின் துணையுடன் பெருக்கும் மின்னணுக் கருவி ஆகும். வெற்றிடக் குழாய் பேச்சு வழக்கில் வால்வு எனப்படும். இக்கருவியில் பழுது ஏற்படும்போது பலரும் முதலில் குழாயையே மாற்றுகின்றனர். ஆனால் மின்தேக்கி, மின்தடையம், குழாய்த் தாங்கி ஆகியவற்றின் கோளாறுகளும் குழாயின் கோளாறு போலவே தோன்றும். எனவே மின்னழுத்தங்களை அளந்து பார்த்த பின்னரே எந்த உறுப்பையும் மாற்ற வேண்டும்.

பின்னணி

ஜான் அம்புரோஸ் பிளெமிங் 1904-இல் இருமுனையக் குழாயையும், லீ டி பாரஸ்ட் 1906-இல் மும்முனையக் குழாயையும் உருவாக்கினர். திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. அப்பொழுது தனி சமஸ்தானமாக இருந்த அண்டைப் புதுக்கோட்டையிலும், பிற இடங்களைப் போலவே, வானொலிப் பெட்டிகள் வால்வுகளாலேயே இயங்கின. 1954-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களில் வானொலிக்கான குழாய்களைத் தயாரித்தது. திரிதடையங்கள் பரவியபின் வால்வு வானொலிகள் வழக்கொழிந்தன. எனினும் பழைய பெட்டிகள் சில வீடுகளிலும், காரைக்குடி போன்ற ஊர்களின் பழம்பொருள் கடைகளிலும் காணப்படுகின்றன. ஆர்வலர்கள் சிலர் அவற்றின் உறுப்புகளைக் கொண்டு மிகைப்பிகளை அமைக்கின்றனர்.

அமைப்பு

குழாயின் உள்ளே சூடேற்றி, எதிர்மின்வாய், வலைவாய், நேர்மின்வாய் ஆகியன உள்ளன. சூடேற்றியால் வெப்பமடையும் எதிர்மின்வாய் எதிர்மின்னிகளை உமிழ்கின்றது. அவை நேர்மின்வாயை நோக்கிச் செல்லும் ஓட்டத்தை வலைவாயில் தரப்படும் சிறு மின்னழுத்தம் கட்டுப்படுத்துகின்றது. பல குழாய்களின் சூடேற்றிக்கு 6.3 வோல்ட்டு போதுமானது. நேர்மின்வாய்க்கோ பெரும்பாலும் 90 முதல் 300 வோல்ட்டு வரை நேர்மின்னழுத்தம் தேவை.

ஹெட்போனுக்கு நேர்மின்னோட்டம் செல்லாதவாறு வெளியீட்டில் மின்மாற்றியோ மின்தேக்கியோ வைக்கப்படும். 300 ஓம் ஹெட்போனில் 20 ஹெர்ட்ஸ் வரை ஒலி கிடைக்க ஏறத்தாழ 27 மைக்ரோபாரடு மின்தேக்கி போதும். 32 ஓம் ஹெட்போனுக்கு ஏறத்தாழ 250 மைக்ரோபாரடு தேவை. ஆகவே ஹெட்போனை மாற்றியதும் தாழ்சுர ஒலி குறைந்தால் அது பழுதாக இல்லாமல் பொருத்தமின்மையாகவும் இருக்கலாம்.

பாதுகாப்பு

மின்சாரத்தை நிறுத்திய பின்னும் வடிகட்டி மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் எஞ்சியிருக்கும். 10 கிலோஓம், 5 வாட் மின்தடையத்தைக் காப்பிடப்பட்ட கம்பிகளால் இணைத்து அதனை வெளியேற்ற வேண்டும். பின்னர் மல்டிமீட்டரால் அளந்து, மின்னழுத்தம் நீங்கியதை உறுதி செய்ய வேண்டும். மின்சாரம் உள்ளபோது அளக்க நேர்ந்தால் ஒரு கையை மட்டுமே பயன்படுத்துவது நன்று. சோதனையின்போது ஹெட்போனை அணியலாகாது. அதற்கு ஈடான மின்தடையத்தை வெளியீட்டில் இணைக்கலாம். உயர் மின்னழுத்தத்தில் பழக்கமில்லாதவர்கள் தேர்ந்தவரின் துணையின்றிக் கருவியைத் திறக்கக் கூடாது.

பழுதறியும் வரிசை

1. மின்சாரம் இன்றி, உருகி, எரிந்த மின்தடையங்கள், உப்பிய மின்தேக்கிகள், விட்டுப்போன பற்றாசு இணைப்புகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குழாயின் உட்புற வெள்ளிநிறப் பூச்சு வெண்மையாகியிருந்தால் அதனுள் காற்று புகுந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

2. நெடுநாள் பயன்படாத கருவிக்கு, 60 வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் தர வேண்டும். விளக்கு தொடர்ந்து ஒளிமிக்கு எரிந்தால் உள்ளே குறுக்கிணைப்பு உள்ளது.

3. விளக்கை நீக்கியபின் சூடேற்றி மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். வழங்கல் 230-இலிருந்து 180 வோல்ட்டாகத் தாழ்ந்தால் 6.3 வோல்ட்டு ஏறத்தாழ 4.9 ஆகிவிடும். பம்புசெட்டுகள் இயங்கும் நேரத்தில் மட்டும் ஒலி மங்கினால் வீட்டு மின்னழுத்தத்தை முதலில் ஐயுற வேண்டும்.

4. உயர் மின்னழுத்தத்தையும், எதிர்மின்வாய் மின்தடையத்தின் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தையும் அளக்க வேண்டும். 1.5 கிலோஓம் மின்தடையத்தில் 1.5 வோல்ட்டு இருப்பின் குழாயில் 1 மில்லிஆம்பியர் பாய்கின்றது.

5. மின்தேக்கியால் இணைக்கப்பட்டு, மின்தடையத்தின் வழியே தரையிடப்பட்ட வலைவாயில் மின்னழுத்தம் சுழியை ஒட்டி இருத்தல் வேண்டும். அங்கு நேர் மின்னழுத்தம் இருப்பின், கருவியை நிறுத்தி, மின்னூட்டத்தை வெளியேற்றிக் குழாயைக் கழற்றியபின் மீண்டும் அளக்க வேண்டும். அது நீடித்தால் இணைப்பு மின்தேக்கி கசிகின்றது. மறைந்தால் குழாயே பழுது. கசியும் மின்தேக்கியை விட்டுவிட்டுக் குழாயை மாற்றினால் புதிய குழாயும் கெடும்.

6. இரு பக்கங்களுக்கும் தனித்தனிக் குழாய் இருப்பின், ஒரே வகைக் குழாய்களை இடம் மாற்றலாம். பழுது குழாயுடன் இடம் மாறினால் குழாயிலும், மாறாவிடில் சுற்றிலும் கோளாறு உள்ளது.

அறிகுறிகளும் காரணங்களும்

* 100 ஹெர்ட்ஸ் இரைச்சல்: முழு அலைத் திருத்தம் கொண்ட கருவியில் வடிகட்டி மின்தேக்கியின் தேய்வு.
* 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்: தரையிணைப்புக் கோளாறு, சூடேற்றிக் கம்பிகளின் அமைவு அல்லது மின்மாற்றியின் காந்தப்புலம்.
* தட்டினால் மணி போன்ற ஓசை: குழாயின் உள்ளுறுப்புகள் அதிர்தல்.
* படபடப்பு ஒலி: தாங்கியில் தளர்வு அல்லது களிம்பு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் உலோக முனைகள் விரைவில் அரிக்கப்படும். முனைகளைத் தூய்மை செய்வதே முதற்படி.
* நேர்மின்வாய் செந்நிறமாதல்: மிகை மின்னோட்டம். உடனே நிறுத்த வேண்டும்.

பழைய வானொலிகளில் எச்சரிக்கை

மாறுமின்னோட்டம், நேர்மின்னோட்டம் இரண்டிலும் இயங்குமாறு செய்யப்பட்ட வால்வு வானொலிகளில் மின்தனிமை தரும் மின்மாற்றி இல்லை. உலோகச் சட்டமே மின்வழங்கலின் ஒரு கம்பியுடன் இணைந்திருக்கலாம். செருகி மாறிப் பொருத்தப்பட்டால் சட்டம் முழுவதும் 230 வோல்ட்டில் இருக்கும். இத்தகைய பெட்டியிலிருந்து ஹெட்போன் இணைப்பு எடுப்பது உயிரைப் பறிக்கக்கூடும். இவ்வகைப் பெட்டிகளில் பொதுவாக யூ எழுத்தில் தொடங்கும் குழாய்கள் இருக்கும். அவற்றின் சூடேற்றிகள் 100 மில்லிஆம்பியரில் தொடராக இயங்குவன என்பதால் 6.3 வோல்ட்டுக் குழாய்களுக்கு மாற்றாகா. வீடுகளில் உள்ள ஸ்டெபிலைசர்கள் பெரும்பாலும் தன்மின்மாற்றி வகையைச் சேர்ந்தவை. அவை மின்தனிமை அளிப்பதில்லை. தனித்த இரு சுற்றுகளைக் கொண்ட மின்மாற்றியே இதற்கு ஏற்றது.