நினைவு மலர்களும் யாழ்ப்பாணச் சரித்திரமும்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் காலமானால், 31-ஆம் நாளை ஒட்டி, கீரிமலை முதலிய தீர்த்தக் கரைகளில் அந்தியேட்டியும் இல்லத்தில் வீட்டுக்கிருத்தியமும் நிறைவெய்தியபின், வந்திருக்கும் பந்துமித்திரர்களுக்கு ஒரு சிறு அச்சு நூலை வழங்குவது நெடுநாளைய வழக்கம். கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் வழங்கும் அந்நூலில் இறந்தவரின் படமும், வருஷாந்த சிராத்தத்துக்கு உதவுமாறு மரண காலத்தின் மாதம், பட்சம், திதி ஆகியவற்றை ஒரே பாட்டில் அடக்கிச் சொல்லும் திதி வெண்பாவும், தேவார திருவாசகங்களும், சரமகவிகளும், ஜீவிய சரித்திரமும், வம்சாவளியும் இடம்பெறும். விலையின்றி வழங்கப்பட்டு, வீட்டு அலுமாரிகளுக்குள் அடங்கிவிடும் இந்நூல்களைச் சரித்திரம் எழுதுவோர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. யாழ்ப்பாணத்தின் சமூக வாழ்வை அறிவதற்கு இவற்றினும் நெருங்கிய ஆதாரம் வேறு அதிகமில்லை என்பது என் துணிபு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு யாழ்ப்பாணத்து வாலிபர் பலர் மலாயாவுக்குச் சென்று ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தனர் என்று பொதுச் சரித்திரம் ஒரு வாக்கியத்தில் சொல்லி நிறுத்திவிடும். ஆனால் அவர்களுள் ஒருவர் எந்த மிஷன் பாடசாலையில் இங்கிலீஷ் படித்தார், எந்த உறவினரின் ஆதரவில் கப்பலேறினார், பென்சனோடு திரும்பிய பின் எந்தக் கோயிலின் திருப்பணிக்குப் பொருள் கொடுத்தார், மக்களை எந்தெந்த ஊர்களில் சம்பந்தம் செய்வித்தார் என்பனவற்றையெல்லாம் அறிய விரும்புவோர் இம்மலர்களைத்தான் நாட வேண்டும். ஒரே ஊரைச் சேர்ந்த பல மலர்களை ஒருங்கு வைத்துப் படிக்குங்கால், தனித்தனிக் குடும்பக் கதைகளாகத் தோன்றியவை ஒன்றோடொன்று பிணைந்து அவ்வூரின் சரித்திரமாகவே உருப்பெறுகின்றன.

ஆனால் இம்மலர்களைத் தேடிப் பெறுவது எளிதன்று. 1933-இல் க. மு. செல்லப்பாவின் முயற்சியால் தோன்றி, ஏறக்குறைய 97,000 நூல்களையும் ஏட்டுச்சுவடிகளையும் கொண்டு விளங்கிய யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ஆம் வருஷம் மே மாத இறுதியிலே தீயிட்டு அழிக்கப்பட்டது. அதன்பின் வந்த யுத்தமும், 1990-இல் வலிகாமம் வடக்கிலும் 1995-இல் வலிகாமம் முழுவதிலும் நேர்ந்த இடப்பெயர்வுகளும் வீடுகளில் இருந்த நூல்களையும் சிதறடித்தன. ஊருக்குள் ஒரு பிரதியும் எஞ்சாத மலர் எங்கோ தொலைதேசத்தில் உறவினர் ஒருவரின் பெட்டியில் கிடக்கக்கூடும். 2005-இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களோடும் பத்திரிகைகளோடும் நினைவு வெளியீடுகளையும் தனிவகையாகத் தொகுத்து, பக்கம் பக்கமாக மின்வருடி, எவரும் கட்டணமின்றிப் படிக்குமாறு வைத்திருப்பது எத்துணை அருமையான காரியம் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் இம்மலர்களை ஆதாரமாகக் கையாளுவதில் விவேகம் வேண்டும். இறந்தவர் யாவரும் இவற்றில் தர்மவான்களே. ஆதலால் புகழுரையைத் தள்ளி, எழுதியவர் கருதாமலே விட்டுச்சென்ற பாடசாலை, உத்தியோகம், ஊர், உறவு முதலிய செய்திகளையே கொள்ளுதல் தகும். அவற்றையும் காணி உறுதிகள், பாடசாலைப் பதிவுகள், 1841-இல் அமெரிக்க மிஷனாரால் தொடங்கப்பட்ட உதயதாரகை போன்ற பத்திரிகைகள் ஆகியவற்றோடு ஒப்புநோக்க வேண்டும். அச்சிடுவதற்குப் பொருளற்ற ஏழைகளும், நிலமின்றிப் பிறர் நிலத்தில் உழைத்து மடிந்தவர்களும் இந்நூல்களில் அரிதாகவே தோன்றுவர். பெண்களோ பல மலர்களில் இன்னாரின் புத்திரி, இன்னாரின் பாரியார் என்ற அளவிலே நின்றுவிடுகின்றனர். இக்குறையை நினைவில் வையாது எழுதப்படும் சரித்திரம் வசதி படைத்தோரின் சரித்திரமாகவே முடியும்.

இத்தகைய மலர்களைத் தம் இல்லங்களில் வைத்திருக்கும் அன்பர்கள், யாழ்ப்பாணத்தில் இருப்பினும் கொழும்பில் இருப்பினும் லண்டன், டொரொன்டோ போன்ற நகரங்களில் இருப்பினும், அட்டை கிழிந்தவற்றில் ஊரையும் வருஷத்தையும் ஒரு தாளில் தெளிவாகக் குறித்து, மின்வருடுவதற்கு விரைந்து கொடுத்துதவுமாறு வேண்டிக்கொள்கிறேன்.