புத்தூர் கட்டும் நான்சிக் கம்பியும்

பெங்களூரில் நாலு தெரு சுற்றினால் எங்காவது 'புத்தூர் கட்டு' போர்டு கண்ணில் படும். திருத்தணி, நகரி தாண்டினால் வருகிற அதே புத்தூர்தான். பக்கத்து ராச்சபாளையத்தில் கேசவ ராஜு என்பவர் 1881-ல் ஆரம்பித்ததாகச் சொல்கிறார்கள். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. அவ்வளவுதான் சரக்கு.

இங்கே எங்கள் அபார்ட்மென்ட் வாண்டு எதுவாவது சறுக்குமரத்திலிருந்து விழுந்து முன்கையை உடைத்துக்கொண்டால், ஊரிலிருந்து பாட்டி போனில் "புத்தூருக்குத் தூக்கிட்டுப் போ" என்பார். டாக்டரோ "கம்பி வைக்கணும்" என்பார். பெற்றோர் நடுவில் முழிப்பார்கள். அதனால்தான் இந்தக் கம்பிக் கதையைக் கொஞ்சம் தோண்டினேன்.

பாட்டி பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. பிள்ளைகளின் எலும்பு வளரும்போதே சின்ன வளைவுகளை நேராக்கிக்கொள்ளும். எட்டு, ஒன்பது வயதுக்குள் பெரும்பாலான முறிவுகள் சரியாக இழுத்துவைத்து மாவுக்கட்டு போட்டாலே கூடிவிடும். பத்து வயதுக்கு மேல் அந்தச் சலுகை குறைந்துகொண்டே போகும். முறுக்கிக்கொண்டு சேர்ந்த எலும்போ எந்த வயதிலும் தானாகத் திரும்பாது. அப்புறம் பிள்ளையால் உள்ளங்கையை முழுசாகத் திருப்பி நீட்ட முடியாது.

இன்னொரு ஆபத்து கட்டிலேயே இருக்கிறது. அதே 1881-ல்தான் (என்ன பொருத்தம்!) ஜெர்மனியில் ரிச்சர்ட் வோல்க்மன் என்ற அறுவை மருத்துவர் அதை எழுதினார். இறுக்கிக் கட்டிய கையில் ரத்த ஓட்டம் நின்று, தசை செத்து, விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடும். சில மணி நேரம் போதும். மாவுக்கட்டிலும் இது நடக்கும், மூங்கிலை மட்டும் திட்டவேண்டாம். எந்தக் கட்டானாலும், விரலை லேசாக நீட்டிவிட்டாலே பிள்ளை அலறினால் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, கம்பி. பெரியவர்களுக்கு பிளேட்டு, ஸ்க்ரூ. அதற்கு நீளமாகக் கிழிக்கவேண்டும். பிள்ளைகளுக்கு அவ்வளவு தேவையா என்று யோசித்தவர்கள் பிரான்சின் நான்சி நகர மருத்துவர்கள் மெத்தேசோ, பிரெவோ போன்றவர்கள். 1970களின் கடைசியில் ஆரம்பித்த வேலை. வில்லாக வளைத்த மெல்லிய கம்பியைச் சின்னத் துளை வழியே எலும்புக்குள் செலுத்தினார்கள். கட்டைவிரல் பக்க எலும்புக்கு மணிக்கட்டு அருகில், சுண்டுவிரல் பக்க எலும்புக்கு முழங்கை அருகில், எலும்பு வளரும் தட்டைத் தொடாமல். பெரும்பாலும் உடைந்த இடத்தைத் திறப்பதே இல்லை. நிமிரத் துடிக்கும் வில் உள்ளிருந்தே எலும்பைத் தாங்கிப் பிடிக்கிறது. இன்று பெங்களூர் ஆஸ்பத்திரிகளில் இது சர்வசாதாரணம்.

எலும்பு கூடியதும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கம்பியை உருவிவிடுவார்கள். மிச்சம் சின்னத் தழும்பு இரண்டு.