ஜென்கின்ஸ் பகிர்வு நூலகம்

2011இல் ஹட்சனிலிருந்து பிரிந்த ஜென்கின்ஸ் என்னும் தொடர் ஒருங்கிணைப்பு மென்பொருளில், பல திட்டங்களுக்கும் பொதுவான பில்ட் நிரல்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கும் ஏற்பாடு. நிரல்கள் க்ரூவி மொழியில், பெரும்பாலும் தனியொரு கிட் களஞ்சியத்தில் இருக்கும். ‘வார்ஸ்’ கோப்புறையில் உள்ள ஒவ்வொரு க்ரூவி கோப்பையும் பில்டின் படிகளை வரையறுக்கும் பைப்லைனில் அதன் பெயராலேயே அழைக்கலாம். வகுப்புகளுக்கு வேறு கோப்புறை உண்டு. பைப்லைன் எழுதப்படும் ஜென்கின்ஸ்ஃபைல் என்னும் கோப்பின் தொடக்கத்தில் நூலகத்தின் பெயரோடு கிளை, டேக், கமிட் ஆகியவற்றுள் ஒன்றைப் பதிப்பாகக் குறிக்கலாம். எல்லாத் திட்டங்களும் முதன்மைக் கிளையையே சுட்டினால், ஒருவர் செய்யும் தவறான திருத்தம் அத்தனை பில்டுகளையும் ஒருசேர முறித்துவிடும். ஆகவே டேக்கைச் சுட்டுவதே நல்லது. நிர்வாகி நம்பகமானதாகச் சேர்த்த பொது நூலகம் நிரலின் செயல்களை வரம்பிடும் சாண்ட்பாக்ஸ் கட்டுப்பாட்டுக்கு வெளியே இயங்கும். ஆகவே அந்தக் களஞ்சியத்தில் எழுதும் உரிமை பெற்றவர், நடைமுறையில் ஜென்கின்ஸ் சர்வரையே ஆளலாம். ஜென்கின்ஸ் ஃபோல்டர் அளவில் சேர்க்கப்படும் நூலகங்கள் சாண்ட்பாக்ஸுக்குள்தான் இயங்கும்.