அப்போலோ 13: ஹீட்டர் பக்கத்து வயர்

அப்போலோ 13-னு சொன்னா நிலாவுக்குப் போற வழியில் நடந்த வெடிப்புதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆனா அந்த வயர் கெட்டது விண்வெளியில் இல்லை. 1970 மார்ச்சில், கென்னடி விண்வெளி மையத்தில், தரையிலேயே.

ஒரு ஒத்திகைக்கு அப்புறம் இரண்டாம் ஆக்சிஜன் டேங்க் சரியா காலியாகல. உள்ளே இருக்கிற ஹீட்டரைப் போட்டு ஆவியாக்கி வெளியேத்திடலாம்னு முடிவு பண்ணாங்க. ஹீட்டர் சுமார் 8 மணி நேரம் ஓடியது. சூடு 27 டிகிரி செல்சியஸைத் தொட்டா தெர்மோஸ்டாட் கரண்டைத் துண்டிக்கணும். அந்த ஸ்விட்ச் 28 வோல்ட்டுக்குச் செஞ்சது. ஏவுதளத்தில் கொடுத்ததோ 65 வோல்ட். டேங்குக்கு 65 வோல்ட் வரும்னு 1965-லேயே விவரக்குறிப்பை மாத்தியாச்சு, ஸ்விட்சை மட்டும் யாரும் மாத்தல. அது திறக்கப் பார்த்தப்போ முனைகள் உருகி ஒட்டிக்கிச்சு.

உள்ளே சில இடத்தில் 500 டிகிரிக்கு மேல போயிருக்கலாம்னு பின்னாடி கணக்கிட்டாங்க. மீட்டர்? அது ஏறக்குறைய 27-லயே நின்னுடும். எனக்கு உறுத்துறது வேற: ஹீட்டர் இழுத்த கரண்ட் பதிவாகிட்டுதான் இருந்தது. அதைக் கவனிச்சிருந்தா, ஹீட்டர் விட்டு விட்டு ஓடாம நிக்காமலே ஓடுதுன்னு தெரிஞ்சிருக்கும்.

விசிறி வயர்களோட டெஃப்லான் உறை சிதைஞ்சுபோச்சு. ஏப்ரல் 13 அன்னைக்கு ஸ்விகர்ட் விசிறியைப் போட்டதும் ஷார்ட் சர்க்யூட், சுத்தி முழுக்க ஆக்சிஜன், அப்புறம் வெடிப்பு. மூணு பேரும் உயிரோட திரும்பினாங்க.

ரிப்பேர் எப்படிப் பண்ணாங்க? அப்போலோ 14-ல் விசிறியையே எடுத்துட்டாங்க. வயருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை. கூடவே, மத்த இரண்டுக்கும் தள்ளி, மூணாவதா ஒரு ஆக்சிஜன் டேங்க்.